வாடை குறைந்த சொல்யூஷனும் மரத்துப்போன விரல்களும்

கேள்வி: புளியந்தோப்பில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பெரியமேட்டிலிருந்து அப்பரும் சோலும் எடுத்து வந்து, மாடி அறையில் உட்கார்ந்து செருப்பு ஒட்டிக் கொடுக்கிறார். பதினைந்து வருஷமாக இதே வேலை. முன்பு வாங்கிய சொல்யூஷன் மண்டையைப் பிளக்கும் வாடை அடிக்கும். ஒன்றரை வருஷமாக வாடை குறைந்த, சீக்கிரம் காய்கிற வேறொன்று வாங்குகிறார். நாளுக்கு முக்கால் லிட்டர் ஆகும். கெட்டியானால் தின்னர் ஊற்றிக் கலக்கிக்கொள்வார். மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிடுவார். பசை மேல் ஏடு கட்டும் என்று ஃபேனும் போடமாட்டார். நாலு மாதமாக இரண்டு கால் விரல்களும் மரத்துப்போகின்றன. போன வாரம் செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் வீடு வரை வந்துவிட்டார். இப்போது சட்டைப் பொத்தான் போடவும் தடுமாறுகிறார். சுகர் பார்த்தோம், இல்லை. பக்கத்து கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கல்லூரியில் படிக்கும் மகன், ரீஃபைண்டு எண்ணெயை ஹெக்ஸேன் என்ற பெட்ரோலை ஊற்றித்தான் எடுக்கிறார்களாம், அதுதான் நரம்பைக் கெடுக்கிறது என்று ஒரு வீடியோவைக் காட்டினான். இரண்டு மாதமாக மரச்செக்கு எண்ணெய்தான். விலை கட்டுப்படியாகவில்லை. ஹெக்ஸேன் என்றால் என்ன? எண்ணெயை மாற்றியது சரியா? மிச்சமிருக்கும் பழைய தின்னரைச் சாக்கடையில் கொட்டிவிடலாமா?
— ஒரு வாசகி

அம்மா, உங்கள் மகன் சொன்ன பெயர் சரி. கை காட்டிய இடம்தான் தப்பு. ஹெக்ஸேன் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அடுப்படியில் தேடாதீர்கள், மாடிக்குப் போங்கள்.

எண்ணெயை அப்புறம் பார்ப்போம். முதலில் அவர் நாளைக் காலையிலிருந்து ஒட்டும் வேலையை நிறுத்தட்டும். எடுத்த ஆர்டர் முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்றெல்லாம் தள்ள வேண்டாம். நான் டாக்டர் இல்லை. மணலிப் பக்கத்தில் கரைப்பான்களோடும் பசைகளோடும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வகத்தில் காலம் தள்ளியவன். அதனால் இன்ன நோய் என்று என் வாயால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி, பிறகு கைக்கு வருவது, செருப்பு கழன்றது தெரியாமல் போவது, பொத்தான் நழுவுவது. ஹெக்ஸேனோடு வேலை செய்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளில் இதே வரிசையைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சர்க்கரை, பி12 குறைவு, குடி என்று வேறு காரணங்களாலும் இப்படி வரலாம். எது என்று பிரித்துச் சொல்ல நரம்பியல் டாக்டர் வேண்டும். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அது தேவையா என்று கேளுங்கள். சத்து மாத்திரை இருக்கட்டும். ஆனால் அதை விழுங்கிவிட்டு அதே அறையில் போய் உட்கார்ந்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஹெக்ஸேன்தான் காரணம் என்றால், வேலையை நிறுத்திய பிறகும் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கூட, மரப்பு இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்கத் தொடங்கும். கெட்டுப்போன நரம்பு சரிந்து முடிய அவ்வளவு காலம் ஆகிறது. ‘நிறுத்தியும் குறையலயே, அப்ப சொல்யூஷன் மேல தப்பில்ல’ என்று அவர் மறுபடி டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. திரும்ப வளரும் நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆகவே கணக்கு மாதங்களில். சில சமயம் ஒரு வருஷம், இரண்டு வருஷம். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருக்கிறார்கள்.

சரி, ஹெக்ஸேன் என்றால் என்ன என்று கேட்டீர்கள். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோலோடு சேர்ந்து வருகிற லேசான பகுதியில் இது இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் நிறுவனம் 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது சென்னை பெட்ரோலியம். அங்கே பெட்ரோல், டீசலோடு ஹெக்ஸேனையும் தனியாகப் பிரித்து விற்கிறார்கள். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் சங்கிலி, சுற்றிலும் 14 ஹைட்ரஜன். அவ்வளவுதான் அதன் உருவம். கார்பன் ஒன்று குறைந்தால் பெண்டேன். அது 36 டிகிரியில் கொதிக்கும், அதாவது நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் அடுப்பே வேண்டாம். ஒன்று கூடினால் ஹெப்டேன், 98 டிகிரி. நடுவில் ஹெக்ஸேன், 69 டிகிரி. கையாளும் அளவுக்கு அடங்கியிருக்கும், கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்தும் போகும். தொழில் செய்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு லிட்டர் பிடித்துத் தராசில் வைத்தால் 660 கிராம்தான் இருக்கும். தண்ணீரில் கலக்காது, மேலே மிதக்கும். எண்ணெய், மெழுகு, ரப்பர் என்றால் உடனே கரைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிசுக்கோ கறையோ இல்லாமல் பறந்துவிடும். தெருமுனை பஞ்சர் கடையில் டியூபைத் தேய்த்துவிட்டுத் தடவுகிறார்களே, அந்த ரப்பர் சொல்யூஷனிலும் ஹெக்ஸேனோ அதன் பங்காளிகளோ இருப்பதுண்டு. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். பழைய செய்தித்தாளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சொட்டு. ஒன்று டொலுயீன், அதுதான் பழைய சொல்யூஷன்களின் அந்த மண்டையிடி வாடை. இன்னொன்று ஹெக்ஸேன். இரண்டு வட்டமும் ஈரமாகப் பரவும். டொலுயீன் வட்டம் இன்னும் கருத்திருக்கும்போதே ஹெக்ஸேன் வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கி, காகிதம் பழையபடி வெளுத்துவிடும். சுமார் நாலு மடங்கு வேகம். ‘எங்கே போச்சு?’ என்று கேட்பேன். பையன்கள் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்கள் மூக்குக்குள் போயிருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்யூஷனை மாற்றிய கதையும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. டொலுயீன் காற்றில் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். தலை வலிக்கும், கிறுகிறுக்கும், ஆள் தானாக எழுந்து வாசலுக்குப் போவான். ஹெக்ஸேன் வாடை லேசான பெட்ரோல் மாதிரி. கால் மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிப்போகும். பிறகு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உறுத்தாது. வாடை குறைந்ததால் அவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலைச் சாத்தவும் துணிந்திருக்கிறார். (டொலுயீன் நல்லது என்று சொல்லவில்லை. அதுவும் மூளையைப் பதம் பார்க்கும், அது வேறு கச்சேரி.)

இதே மாற்றம் ஜப்பானில் நடந்திருக்கிறது. அங்கே வீட்டிலேயே செருப்பு ஒட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் ஏராளம். 1950களில் அவர்கள் பசையில் இருந்தது பென்சீன். அது எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தமே ஊறாமல் செய்து, உயிர்களைக் குடித்தது. அரசு பென்சீனைத் தடுத்தது. பசைக்காரர்கள் ஹெக்ஸேனுக்கு மாறினார்கள். 1960களில் அதே குடும்பங்களில் கால் மரத்தவர்கள், நடை தள்ளாடியவர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். 1969ல் வந்த ஓர் ஆய்வில் மட்டும் 90க்கு மேற்பட்டவர்களின் விவரம் இருக்கிறது. ரொம்பப் பழைய கதையாக இருக்கிறதே என்றால், 2009ல் சீனாவின் சூஜோ நகரில் தொடுதிரை துடைத்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே கதி. ஸ்பிரிட்டுக்குப் பதில் ஹெக்ஸேன் கொடுத்திருந்தார்கள். ஏன்? சீக்கிரம் காய்கிறது என்று.

இத்தனைக்கும் ஹெக்ஸேன் தானே நேராக நரம்பைக் கடிப்பதில்லை. மூச்சில் உள்ளே போனதைக் கல்லீரல் வெளியேற்றப் பார்க்கிறது. அதற்காகச் சங்கிலியின் இரண்டாவது கார்பனிலும் ஐந்தாவது கார்பனிலும் ஆக்சிஜனைக் கோத்துவிடுகிறது. அப்படி உண்டாகும் 2,5-ஹெக்ஸேன்டையோன்தான் வில்லன். இரண்டு ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள தூரம், நம் உடம்புப் புரதங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைக் கொக்கியைக் கவ்விக்கொள்ள அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. நரம்பு இழைக்குள் நூல் நூலாக ஓடும் புரதங்களை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. செருப்பை ஒட்ட வாங்கியது, உள்ளே போய் நரம்பு நூல்களை ஒட்டுகிறது. பிணைந்த நூல்கள் மேலே நகர முடியாமல் குவிகின்றன. இழை அங்கங்கே வீங்குகிறது. அதற்கு அப்பால் சரக்கு போவதில்லை. கால் கட்டைவிரலுக்குப் போகும் நரம்பு முதுகுத்தண்டிலிருந்து ஒரு மீட்டர் நீளம். மெட்ரோ வாட்டர் அழுத்தம் குறைந்தால் எந்த வீட்டுக் குழாய் முதலில் நிற்கும்? தெருக்கோடி வீடுதானே. அதனால்தான் கால் விரல் முதலில், கை விரல் அடுத்தது.

ஏழு கார்பன் ஹெப்டேனில் இந்த வில்லங்கம் ஏறக்குறைய இல்லை. கல்லீரல் அதை வேறு வழியில் உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. ஒரே குடும்பம், ஒரே வேலை, ஒரு கார்பன்தான் வித்தியாசம். இதை முதல் முதலில் படித்த அன்று நான் அலமாரி முன்னால் போய் நின்று இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறமில்லாத, தண்ணீர் போன்ற இரண்டு திரவம். கண்ணுக்கு ஒரு வேறுபாடும் கிடையாது.

இனி உங்கள் மாடி அறை. அளவு எழுதவில்லை, பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பது அடி உயரம் என்று வைத்துக்கொள்கிறேன். உள்ளே 30 கன மீட்டர் காற்று. முக்கால் லிட்டர் சொல்யூஷனில் ரப்பரும் பிசினும் போக அரை லிட்டராவது கரைப்பான் இருக்கும். அது அத்தனையும் அன்றைக்கே காற்றுக்குத்தான் போகிறது, செருப்பில் தங்குவது ரப்பர்தான். அரை லிட்டர் என்றால் 330 கிராம். அதில் பாதி நார்மல் ஹெக்ஸேன் (கிளை இல்லாத நேர்ச் சங்கிலி, நாம் பேசிக்கொண்டிருப்பது இதைத்தான்) என்று கொள்வோம், 165 கிராம். சாத்திய அறையில் கதவு இடுக்கு வழியாக மணிக்கு ஒரு தடவை காற்று முழுசாக மாறினாலும், எட்டு மணி நேரத்தில் வந்துபோவது 240 கன மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 690 மில்லிகிராம். வேலையிடத்தில் இருக்கலாம் என்று தொழில் சுகாதார நிபுணர்கள் வைத்திருக்கும் அளவு 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு), அதாவது ஒரு கன மீட்டருக்கு 176 மில்லிகிராம். நாலு மடங்கு. இதுவும் அறை முழுக்கச் சமமாகப் பரவியதாகப் போட்ட கணக்கு. அவர் மூக்கு அறையின் நடுவில் இல்லை. கிண்ணத்திலிருந்து ஒரு முழம் மேலே, பிரஷ் போகும் இடத்துக்கு நேராகக் குனிந்திருக்கிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வருவோம். செங்குன்றம் அரிசி ஆலைகளில் நெல்லைத் தீட்டும்போது வரும் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. அழுத்திப் பிழிந்தால் ஒழுங்காக வராது. நிலக்கடலை, எள் மாதிரி அது செக்குக்கு மசியாது. அதனால் தவிட்டின் மேல் ஹெக்ஸேனைப் பொழிந்து எண்ணெயைக் கரைத்து எடுக்கிறார்கள். சோயாவுக்கும் இதே வழிதான். பிழிந்த புண்ணாக்கில் கூட ஆறேழு சதவீதம் எண்ணெய் தங்கிவிடும். ஹெக்ஸேனில் கழுவினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிறகு அந்தக் கலவையைச் சூடாக்கினால் ஹெக்ஸேன் ஆவியாகிப் பிரியும், அதைக் குளிர்வித்து மறுபடி ஊற்றிக்கொள்வார்கள். காசு போட்டு வாங்கியதை எந்த ஆலையும் உங்கள் எண்ணெயில் விட்டுவைக்க விரும்பாது. கடைசியில் வாடை நீக்கும் கட்டத்தில், காற்றை உறிஞ்சிவிட்டு 200 டிகிரிக்கு மேல் எண்ணெயைச் சூடாக்கி நீராவியை ஊதுகிறார்கள். 69 டிகிரியில் ஓடிப்போகிற பொருள் அங்கே எவ்வளவு நிற்கும்? நம் நாட்டு உணவுச் சட்டம் இப்படி எடுத்துச் சுத்திகரித்த எண்ணெயில் அனுமதிக்கும் உச்சவரம்பு 5 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 5 மில்லிகிராம்.

உங்கள் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் ஆகலாம். உச்சவரம்பு வரை இருந்தால்கூட, மொத்தக் குடும்பத்துக்கும் ஒரு மாதத்துக்கு 14 மில்லிகிராம். அதுவும் வாணலியில் காய்கிற முன்னால். மாடி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர் சுமார் எட்டு கன மீட்டர் காற்றை இழுத்திருப்பார். அதில் ஐந்தரை கிராம் ஹெக்ஸேன். பெரும்பகுதி வெளிமூச்சில் திரும்பிப் போய், ஐந்தில் ஒரு பங்குதான் உடம்பில் தங்கியது என்றாலும் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளில். ஒரு ஆளுக்கு. ஒரு மாத எண்ணெயைப் போல எழுபது, எண்பது மடங்கு. உங்கள் மகன் கல்லூரிப் பிள்ளை. இந்தத் தாளை அவனிடமே கொடுத்து, அறையை டேப் வைத்து அளந்து, என் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தப்பு கண்டுபிடித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

எண்ணெய் விஷயத்தில் என் பதில் இவ்வளவுதான்: எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்லெண்ணெயின் மணத்துக்காகச் செக்குக்குப் போகிறீர்கள் என்றால் போங்கள், நானும் இட்லிப் பொடிக்கு அதைத்தான் ஊற்றிக்கொள்கிறேன். நரம்புக்காக என்றால் அந்தக் காசை மாடியில் செலவழியுங்கள்.

எங்கே செலவழிப்பது என்றால், டாக்டர் பார்த்துவிட்டு, அவர் திரும்ப வேலைக்கு உட்காரலாம் என்று சொன்ன பிறகு, அந்த அறைக்குள் வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு ஓரமாக ஷீட் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. அறைதான் கதி என்றால் இரண்டு பக்கமும் திறப்பு வேண்டும். ஃபேனை அவர் முதுகுப் பக்கம், வாசலை ஒட்டி வைத்து, காற்று அவரைத் தாண்டிக் கிண்ணத்தைத் தாண்டி எதிர் ஜன்னல் வழியாக வெளியே போகும்படி செய்யுங்கள். ஜன்னலில் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் ஆவி முழுக்க அதன் மோட்டார் வழியாகப் போகும், மோட்டாரில் பொறி பறக்கலாம். அதனால் தள்ளுகிற ஃபேன் வாசல் பக்கம் இருப்பதே நல்லது. ஏடு கட்டுகிறது என்ற அவர் கவலை நியாயம்தான். அதற்கு வழி ஃபேனை நிறுத்துவது இல்லை. வாயகன்ற கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரஷ் நுழையும் அளவு மட்டும் ஓட்டை வைத்த மூடி போட்ட டப்பாவுக்கு மாறுவது. பசையும் மிச்சமாகும். பூசிக் காய வைக்கும் ஜோடிகளை மடிப் பக்கத்தில் அடுக்காமல், காற்று வெளியேறும் ஜன்னல் பக்கம் அடுக்கட்டும். அவை காயக் காய ஆவி அவற்றிலிருந்துதான் வருகிறது.

முகக்கவசம் கேட்பீர்கள். துணி மாஸ்க், கொரோனா காலத்து நீல மாஸ்க், என்95 எதுவும் இதற்கு உதவாது. அவை தூசியைப் பிடிக்கும், ஆவி நேராகப் புகுந்து போகும். கரித்தூள் கேட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர்தான் பிடிக்கும். அதுவும் கரி நிரம்பியதும் சும்மா ஒரு ரப்பர் மூக்குதான். கேட்ரிட்ஜை அடிக்கடி மாற்றாவிட்டால் மாட்டிக்கொண்டும் பயனில்லை.

அதைவிட முக்கியம், சொல்யூஷனையே மாற்றுவது. கடையில் ‘ஹெக்ஸேன் இருக்கா?’ என்று கேட்டால், ‘சேச்சே, அதெல்லாம் இல்லீங்க, பெஸ்ட் குவாலிட்டி’ என்பார்கள். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று இல்லை, அவருக்கே தெரியாது. தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள், எஸ்.டி.எஸ். என்றால் புரியும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் சி.ஏ.எஸ். எண் போட்டிருக்கும். பெயரை எப்படி மாற்றி எழுதினாலும் எண் மாறாது. நார்மல் ஹெக்ஸேனுக்கு 110-54-3. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். அந்த எண் இருந்தால் வேண்டாம். ஹெப்டேனுக்கு 142-82-5, டொலுயீனுக்கு 108-88-3. தண்ணீரில் கரைத்த பசைகளும் வருகின்றன. காய நேரம் பிடிக்கும், முதலில் கை பழக வேண்டும், மழைக்காலத்தில் எரிச்சல்தான். ஆனாலும் வீட்டுக்குள் ஒட்டுகிறவருக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன். தாளே கிடைக்காத, லேபிள் இல்லாத, கேனிலிருந்து அளந்து ஊற்றும் சரக்கு என்றால் விலை பாதியானாலும் திரும்பி வந்துவிடட்டும்.

அவர் ஊற்றிக் கலக்கும் தின்னர் எனக்கு இன்னொரு கவலை. தின்னர் என்பது ஒரு பொருளின் பெயரே இல்லை, கடைக்குக் கடை கலவை மாறும். சிலவற்றில் மெத்தில் எத்தில் கீட்டோன் இருக்கும். எம்.இ.கே. என்பார்கள். தனியாக அது நரம்பைக் கெடுக்காது. ஆனால் ஹெக்ஸேனோடு சேர்ந்தால் அந்தக் கெடுதலைத் தூக்கிக் கொடுக்கும். இதோடு, வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவும் வழக்கமும் இருக்கும், எனக்குத் தெரிந்த பேஸ்டிங் ஆட்கள் அத்தனை பேரும் செய்வார்கள். தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை அது உரித்து எடுத்துவிடும், கை வெடிக்கும். தேங்காய் எண்ணெய் விட்டு நன்றாகத் தேய்த்து, பிறகு சோப்பு. கொஞ்சம் நேரம் ஆகும், பசை உருண்டு வந்துவிடும்.

நெருப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. ஹெக்ஸேன் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடத் தொடங்குவது பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 22 டிகிரியில். சென்னையில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் அது தயார் நிலையில்தான் இருக்கிறது. அதன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, படியில் இறங்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒருவர் ஹெக்ஸேன் பீக்கரை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எரிந்துகொண்டிருந்த பர்னர் மேசையின் அந்தக் கோடியில், ஐந்தாறு அடி தள்ளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் நீலமாக ஒரு கோடு ஓடியது, பர்னரிலிருந்து பீக்கரை நோக்கி. அடுத்த நொடி பீக்கர் வாயில் தீ. ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். இரண்டு பேருக்குப் புருவம் போனதோடு சரி. உங்கள் மாடிப் படி எங்கே வந்து இறங்குகிறது என்று பாருங்கள். அடுப்படி பக்கமா, விளக்கு ஏற்றும் இடத்துக்கா? அறைக்குள் கொசுவத்தி ஏற்றத் தீக்குச்சி கிழிப்பது, பூசிய சோலுக்குச் சூடு காட்ட ஸ்டவ் வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. டப்பா இருக்கும் அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

கடைசியாக, பழைய தின்னரைச் சாக்கடையில் கொட்டலாமா என்ற கேள்வி. 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், ஒரு சோயா எண்ணெய் ஆலையிலிருந்து ஹெக்ஸேன் கசிந்து பாதாளச் சாக்கடைக்குள் போய்விட்டது. தண்ணீர் மேல் மிதந்தபடியே குழாய் குழாயாகப் பரவியது. விடியற்காலையில் மேலே போன ஒரு காரின் பொறி போதுமானதாக இருந்தது. மூன்று கிலோமீட்டருக்குத் தெரு பிளந்தது, மேன்ஹோல் மூடிகள் பறந்தன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. உங்கள் அரை டின்னுக்குத் தெரு பிளக்காதுதான். ஆனாலும் புளியந்தோப்பில் மழைநீர் தேங்கும் நாட்களில் உங்கள் சாக்கடைக்குள் இறங்கி அடைப்பு எடுக்கிற ஆள் ஒருவர் இருப்பார். டின்னை இறுக மூடி, வெயில் படாத, வீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் வையுங்கள். வாங்கின கடைக்காரரோ, பக்கத்தில் பெயிண்ட் வேலை செய்கிற யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், லேபிளை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓபி வரிசை நீளம், டாக்டருக்கு நேரம் இருக்காது. ‘என்ன வேலை?’ என்று அவர் கேட்காவிட்டாலும், உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: பதினைந்து வருஷமாகச் செருப்பு ஒட்டுகிறார், ஒன்றரை வருஷமாகச் சொல்யூஷன் மாறியிருக்கிறது, சாத்திய அறையில் உட்காருகிறார். உங்கள் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு ‘சும்மா மரக்குது சார்’ என்று முடித்துக்கொள்ளப் பார்ப்பார். நீங்கள் விடாதீர்கள்.